சேர்ந்து வரும் பண்புகள்: சில கேள்விகள்

இரண்டு பண்புகளில் வேறுபடும் பட்டாணிச் செடிகளைக் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் 9:3:3:1 விகிதம் என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது?

ஒரு பண்பை மட்டும் பார்த்தால் வரும் 3:1-ஐ இன்னொரு பண்பின் 3:1-ஆல் பெருக்கினால் வருவது. உருண்டை விதைக்கு வாய்ப்பு நாலில் மூன்று, மஞ்சளுக்கும் நாலில் மூன்று. இரண்டும் ஒரே விதையில் அமைய 16-ல் 9. மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் 15 செடிகளின் 556 விதைகளை எண்ணினார்: உருண்டை மஞ்சள் 315, சுருங்கிய மஞ்சள் 101, உருண்டை பச்சை 108, சுருங்கிய பச்சை 32. கணக்குப்படி முதல் வகை 313 வரவேண்டும். பரீட்சையில் 16 கட்டம் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், பெருக்கினால் போதும்.

நாங்கள் 32 விதைகள் எண்ணினோம். சுருங்கிய பச்சை ஒன்றுகூட இல்லையே?

எதிர்பார்க்க வேண்டியதே இரண்டுதான். எட்டு முறை எண்ணினால் சராசரியாக ஒரு முறை இப்படி ஆகும். இன்னும் நிறைய எண்ணுங்கள்.

எந்த இரண்டு பண்பை எடுத்தாலும் இதே விகிதம்தானா?

இல்லை. 1905-ல் இங்கிலாந்தில் பேட்சன், சாண்டர்ஸ், பன்னட் மூவரும் பூவுக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ செடியில் ஊதாப்பூ-நீள மகரந்தத்தை சிவப்புப்பூ-உருண்டை மகரந்தத்தோடு கலந்தார்கள். இரண்டாம் தலைமுறையில் 381 செடிகள். ஊதா-நீளம் 284, சிவப்பு-உருண்டை 55. பண்புகள் இடம் மாறிய இரண்டு வகைகளும் (ஊதா-உருண்டை, சிவப்பு-நீளம்) தலா 71 வரவேண்டிய இடத்தில் வெறும் 21, 21! மூவருக்கும் காரணம் பிடிபடவில்லை. 1911-ல் பழ ஈக்களை வைத்து மார்கன் சொன்னார்: இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் (செல்லுக்குள் ஜீன்களைத் தாங்கும் இழையில்) இருக்கின்றன, அதனால் சேர்ந்தே போகின்றன. இதுதான் பிணைப்பு.

அப்படியென்றால் அந்த 21 எப்படி வந்தது?

நல்ல கேள்வி. இனச்செல் (விந்து, முட்டை போன்றவை) உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்; அதுதான் குறுக்கேற்றம். இரண்டு ஜீன்களுக்கும் இடைவெளி அதிகமானால் நடுவில் அறுபடும் வாய்ப்பும் அதிகம். மார்கனின் ஈக்களில் கறுப்பு உடலும் சிறுத்த இறக்கையும் சேர்ந்த ஒரு கலப்பில் 2,300-ல் 391 ஈக்கள் இடம் மாறியவை, அதாவது 17 சதவீதம். அவரிடம் படித்த ஸ்டர்ட்டிவன்ட் இந்தச் சதவீதங்களையே தூரமாக வைத்து 1913-ல் முதல் ஜீன் வரைபடத்தை வெளியிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஆண் பழ ஈயில் குறுக்கேற்றமே நடக்காது.

தாத்தாவுக்கு நிறக்குருடும் ஹீமோஃபிலியா ஏ-யும் (ரத்தம் சரியாக உறையாத நோய்). பேரனுக்கு இரண்டும் வருமா?

மகள் வழிப் பேரனா? மகன் வழி என்றால் தாத்தாவின் எக்ஸ் குரோமோசோம் அவனுக்குப் போகாது. மகள் வழி என்றால் பாதி வாய்ப்பு. சிவப்பு-பச்சை நிறக்குருடுக்கும் ஹீமோஃபிலியா ஏ-க்கும் உரிய ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமின் ஒரே முனையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பெரும்பாலும் இரண்டும் வரும், இல்லையென்றால் இரண்டும் வராது. ஆனால் குறுக்கேற்றத்தால் எப்போதாவது பிரியலாம்; பையன் நிறம் சரியாகச் சொல்கிறான் என்று ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.