ஹார்ட்ஸ் ஆட்டத்தில் (குறைந்த புள்ளி வாங்குகிறவர் ஜெயிக்கும் சீட்டாட்டம்) ஸ்பேட் ராணி வந்தால், ஆட்டம் தொடங்கும் முன் மாற்றிக் கொடுக்கும் 3 சீட்டில் அதைத் தள்ளிவிட வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் கையில் எத்தனை ஸ்பேட் இருக்கிறது என்று எண்ணுங்கள். ராணியோடு 9, 6, 4, 2 இருந்தால் நான் கொடுக்கவே மாட்டேன். மற்றவர்கள் ஸ்பேட் இறக்க இறக்கச் சின்னச் சீட்டாகப் போட்டுக்கொண்டே இருக்கலாம். ராணியை வாங்குகிறவர் தலையில் ஏறும் அந்த 13 புள்ளி எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். துணைக்கு ஒன்றிரண்டுதான் என்றால், சரி, அனுப்பிவிடுங்கள்.

யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். இடப்பக்கம் இருப்பவர் நமக்கு அடுத்து ஆடுகிறவர். அவருக்கு ராணியைக் கொடுத்துவிட்டு ஸ்பேட் ராஜாவையோ ஏஸையோ வைத்துக்கொண்டால், நாம் அதை இறக்கிய கையோடு ராணி நம் தலையில் வந்து விழும். (நான் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கே இல்லை.)

அப்புறம், டைமண்ட் இரண்டே இருந்தால் இரண்டையும் கொடுத்துவிடுங்கள். அடுத்து டைமண்ட் வரும்போது வேண்டாத சீட்டைக் கழிக்கலாம். ஹார்ட்டின் ஏஸ், ராஜா இரண்டையும் மட்டும் ஒரே ஆளிடம் தராதீர்கள். ஹார்ட் ஒவ்வொன்றுக்கும் 1, ராணிக்கு 13 என்று மொத்தம் 26 புள்ளியையும் அவரே வாரிவிட்டால், அவருக்கு ஒன்றும் ஏறாது; மற்ற மூவருக்கும் ஆளுக்கு 26.