தடையற்ற வணிக மண்டலங்கள் நகரங்களில் பசுமைத் தொழில்நுட்பப் புத்தாக்கத்தை வளர்க்கின்றனவா?

கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் ஆய்வு மாணவராக இருக்க வேண்டும். என் பதில்: வளர்க்கின்றன, ஆனால் மண்டலத்துக்கும் நகரத்துக்கும் நடுவே உள்ள சுங்கச் சுவரைத் தாண்டி அங்கே பிறக்கும் புத்தாக்கங்கள் எளிதில் வெளியே வருவதில்லை. தடையற்ற வணிக மண்டலத்தின் இந்திய வடிவமான சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்றில், தமிழ்நாட்டில், மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் 16 ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2014இல் ஆலையின் வெப்பத்தை வெளியேற்றும் எங்கள் கூலிங் டவர் விசிறிகள் இரவும் பகலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தாலே மின் நுகர்வு ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்ததுதான். வெளிக்காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து அதற்கேற்ப வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி ஒன்றை நானும் இரண்டு இளம் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கினோம். இரண்டே மாதங்களில் மூன்று மாதிரிகளைச் செய்ய முடிந்ததற்கு மண்டலம்தான் காரணம். சில்லுகளும் சோதனைக் கருவிகளும் சுங்க வரியின்றி வந்தன, பக்கத்துத் தொழிற்சாலையில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இந்த நன்மையை மறுப்பவன் அல்லன் நான்.

எங்கள் மின் கட்டணம் குறைந்த செய்தி பரவி, மண்டலத்துக்கு எதிரே இருந்த ஒரு மருத்துவமனை நான்கு கருவிகள் கேட்டது. அப்போதுதான் 2005ஆம் ஆண்டு சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் சட்டத்தின் 30ஆம் பிரிவு குறுக்கே வந்தது. மண்டலத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் பொருள், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது போலவே கருதப்படும். வரி விலக்கு பெற்று வந்த சில்லுகளுக்கு மட்டுமன்றி, எங்கள் உழைப்பின் மதிப்பும் சேர்ந்த முழுப் பொருளுக்கும் சுங்க வரி கட்ட வேண்டியிருந்தது. நம்முடன் வணிக ஒப்பந்தம் உள்ள நாடுகளிலிருந்து பல பொருள்கள் வரியே இல்லாமல் உள்ளே வருகின்றன, சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து வந்த எங்கள் கருவிக்கோ முழு வரி. அதோடு, எங்கள் அனுமதிக் கடிதத்தில் அந்தக் கருவி உற்பத்திப் பொருளாக இல்லாததால் அதைச் சேர்க்கத் தனி ஒப்புதல் தேவைப்பட்டது. எல்லாம் முடிவதற்குள் மருத்துவமனை தானியங்கி வசதி இல்லாத வேறொன்றை வாங்கிவிட்டது.

"வரிச்சலுகையை அனுபவித்துவிட்டுக் குறை சொல்கிறாயா?" என்று சிலர் கேட்பார்கள். சில்லுகளுக்கு விட்டுக்கொடுத்த வரியை முழுவதுமாகத் திருப்பிக் கட்ட நாங்கள் தயாராகவே இருந்தோம். மண்டலங்களைப் பற்றிய விவாதமெல்லாம் வருமான வரி விலக்கோடு நின்றுவிடுவதும், உள்ளே கற்ற தொழில் ஏன் ஊருக்குள் வரவில்லை என்று எவரும் கேட்காததும் எனக்கு இன்றும் வருத்தமே.

சீனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 செப்டம்பரில் ஷாங்காயில் 28.78 சதுர கிலோமீட்டரில் தொடங்கிய தடையற்ற வணிக மண்டலத்தின் முதன்மை நோக்கம் ஏற்றுமதி அன்று. முதலீட்டு விதிகளைத் தளர்த்திச் சோதித்து, பலித்தவற்றை நாடெங்கும் கொண்டுசெல்வதுதான். 2019 ஆகஸ்டில் அதில் லின்காங் பகுதி சேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அங்கே கட்டுமானம் தொடங்கிய டெஸ்லா தொழிற்சாலையின் கார்கள் ஆண்டு முடிவதற்குள் உள்நாட்டில் விற்பனைக்கு வந்தன. உதிரிபாகங்களை வழங்க உள்நாட்டு நிறுவனங்கள் வளர்ந்தன. மின்சாரக் கார் தொழிற்சாலையை வெளிநாட்டு நிறுவனம் முழுவதுமாகத் தானே வைத்திருக்க வழிவிட்டது 2018இல் நாடு முழுவதற்கும் மாற்றப்பட்ட விதி என்பதால், எல்லாப் பெருமையையும் மண்டலத்துக்கே கொடுப்பதும் சரியாகாது.

ஆகவே நகரத்தின் பசுமைக் காப்புரிமைகளை மட்டும் எண்ணி ஆய்வை முடித்துவிடாதீர்கள். எங்கள் கருவிக்குக் காப்புரிமையே கிடையாது, உங்கள் கணக்கில் அது வரவும் வராது. மண்டலத்தில் உருவான எத்தனை கருவிகள் அதே நகரத்தின் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் ஓடுகின்றன என்று, முடிந்தால் நேரில் போய்க் கேட்டு எழுதுங்கள்.