தடை மெஷினுக்கா, கணக்குக்கா?

சார், வணக்கம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் மகனுக்காக செகண்ட் ஹேண்ட் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் வாங்கினேன். 256 ஜிபி கார்டில் 40 கேம் போட்டே கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஓடியது. இப்போது ஈஷாப் என்ற அதன் ஆன்லைன் கடை திறக்கவில்லை, இந்தக் கன்சோலுக்கு ஆன்லைன் சேவை தடை என்று வருகிறது. ரீசெட் செய்தும் போகவில்லை. காசு கொடுத்தால் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? காப்பி கேம்தான் சோனியின் பழைய கையடக்க மெஷின் பிஎஸ்பியை ஒழித்தது என்கிறார்களே, உண்மையா?

கு., அல்சூர்

அன்புள்ள கு.,

கொடுக்காதீர்கள். தடை விழுந்திருப்பது மெஷின் மேல். ஒவ்வொரு ஸ்விட்சிலும் தொழிற்சாலையிலேயே தனி டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றை எழுதிவிடுகிறார்கள். சர்வரிடம் மெஷின் காட்டும் அடையாள அட்டை அதுதான். காப்பி கேம் ஓடியது தெரிந்ததும் அந்த அட்டையையே செல்லாததாக்கிவிடுகிறார்கள். ரீசெட் உங்கள் கேம்களையும் சேவ்களையும்தான் அழிக்கும், சான்றிதழ் இருக்கும் பகுதியைத் தொடாது. கடைக்காரர் செய்யக்கூடியது, இன்னொரு ஸ்விட்சின் சான்றிதழை எடுத்து இதில் போடுவது. அது தெரியவந்தால் அதற்கும் இதே கதிதான், அந்த இன்னொருவரும் மாட்டுவார்.

கணக்கு பெரும்பாலும் தப்பிவிடும். வேறு ஸ்விட்சில் லாகின் செய்து பாருங்கள். அசல் கேம் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டால் இதே மெஷினில் ஆஃப்லைனில் ஓடும். நின்டெண்டோ இங்கே ஸ்விட்சை அதிகாரப்பூர்வமாக விற்பதில்லை, வருவதெல்லாம் இறக்குமதிச் சரக்கு. அதனால் வாரண்டி என்று போய் நிற்க பெங்களூரில் இடமில்லை.

அடுத்த முறை காசு கொடுக்கும் முன் கடையிலேயே மெஷினை உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறந்து பாருங்கள். பிறகு மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றுங்கள். பவர் பட்டனை மூன்று விநாடி அழுத்தி மெனுவில் முழுதாக அணையுங்கள், ஸ்லீப்பில் விட்டால் போதாது. திரும்ப ஆன் செய்யும்போது நின்டெண்டோ லோகோவுக்கு முன்பே கார்டு இல்லை என்று ஒரு திரை வந்தால் உள்ளே மாட்சிப், அதாவது காப்பி கேம் ஓட்டுவதற்காகத் தனியாகப் பற்றவைத்த சிப், இருக்கிறது. முதுகில் நான்கு மூலையிலும் மூன்று கால் திருகாணி இருக்க வேண்டும். அதன் காடி தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றக்கூடத் திறப்பார்கள்தான், ஆனாலும் கேளுங்கள். 2018 நடுவுக்கு முன் வந்த மெஷின் என்றால் இந்தத் தடயம் எதுவும் இருக்காது. அவற்றின் மூளையான டெக்ரா சிப்பிலேயே பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. சிப்புக்குள் பதிந்த கோடு என்பதால் அப்டேட்டால் அடைக்க முடியாது, திறக்காமலே உடைத்துவிடலாம். அங்கே ஈஷாப் சோதனை ஒன்றுதான் துணை.

பிஎஸ்பி ஒழிந்தது என்பதை நான் ஏற்கவில்லை. அது 8 கோடிக்கு நெருக்கமாக விற்றது. காப்பி கேம் ஓட்ட உதவும் ஆர்4 கார்டு தெருத்தெருவாகக் கிடைத்த காலத்திலும் நின்டெண்டோவின் டிஎஸ் 15 கோடியைத் தாண்டியது. மெஷின் விற்றது, அடிபட்டது கேம் செய்தவர்கள். 2007-இல் பண்டோரா பேட்டரி வந்தது. சாதாரண பேட்டரியின் சீரியல் எண்ணை மாற்றி எழுதினால் பிஎஸ்பி சர்வீஸ் மோடில் விழித்துக்கொள்ளும், மெமரி ஸ்டிக்கிலிருந்து எந்த ஃபர்ம்வேரையும் (மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றலாம். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, அங்கே காப்பி அசலைவிட நன்றாக ஓடியது என்பது. அசல் கேம் வந்த யுஎம்டி என்ற சிறு தட்டைச் சுழற்றும் மோட்டார் பேட்டரியைத் தின்னும், லோடிங்கும் மெதுவு. மெமரி ஸ்டிக்கில் இரண்டு தொல்லையும் இல்லை. காசு கொடுத்து அசல் வாங்கியவர்களே அதைக் காப்பி எடுத்து ஆடினார்கள். அடுத்து 2011-இல் வந்த வீட்டா என்ற கையடக்க மெஷினில், காப்பிக்குப் பயந்து, சோனி தன் சொந்த மெமரி கார்டு மட்டுமே செல்லும்படி வைத்தது. மைக்ரோ எஸ்டியைவிடப் பல மடங்கு விலை. அந்த விலையைக் கொடுத்தவர்கள் காப்பி கேமே ஆடாதவர்களும்தான்.

காப்பி எடுக்காதவர் மாட்டுவது அடுத்த மாடலான ஸ்விட்ச் 2-இலும் நடந்தது. கார்ட்ரிட்ஜுக்கும் தனி அடையாளம் உண்டு. ஒருவர் அதைக் காப்பி எடுத்துக்கொண்டு அசலை விற்றுவிட, வாங்கி ஆடியவரின் மெஷின் தடையானது. கார்ட்ரிட்ஜின் படமும் வாங்கிய ஆதாரமும் அனுப்பித்தான் தடையை நீக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினால் விற்றவருடன் பேசிய சாட்டை அழிக்காதீர்கள்.

அந்த 256 ஜிபி கார்டையும் நம்ப வேண்டாம். சின்னக் கார்டைப் பெரியதாகக் காட்டும் போலிகள் நிறைய. ஃபார்மேட் செய்து கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற கார்டு சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் எழுதவே மூன்றரை மணி நேரம் ஆகும், பிறகு படித்துச் சரிபார்க்கும். நடுவில் பிழை காட்டினால் அதில் மகனின் போட்டோ எதையும் வைக்காதீர்கள்.