பாஸ்வேர்டை எத்தனை முறைதான் மாற்றுவது?

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். லாகின் செய்யப் போனால் எது புதியது, எது பழையது என்றே குழம்புகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஞாபகத்தில் குறையில்லை, அந்த விதியில்தான் குறை. கட்டாயப்படுத்தினால் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்கிவிட்டுப் போவோம், திருடுபவருக்கும் அது தெரியும். கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. சரி, அவர்கள் விட மாட்டார்கள் என்றால் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு வையுங்கள், நினைவில் வைக்கும் வேலையே இல்லை. கையால் அடிக்கும்போது பக்கத்தில் இருக்கும் கண் படத்தைத் தட்டி, அடித்த எழுத்துகளைப் பாருங்கள், கேப்ஸ் லாக் விழுந்திருப்பது பலமுறை அங்கேதான் பிடிபடும். பாஸ்வேர்டே இல்லாமல் லாகின் செய்யவிடும் பாஸ்கீ வசதி இருந்தால் யோசிக்காமல் மாறிவிடுங்கள், கைரேகையோ போனின் பின் எண்ணோ போதும்.