மஞ்சள், பட்டை, மிளகு: வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: ஆன்லைனில் 'லக்கடாங் மஞ்சள், குர்குமின் 7 சதவீதம்' என்று விற்கிறார்கள். கடையில் வாங்கும் ஈரோடு மஞ்சள்தூளைவிட மூன்று மடங்கு விலை. உடம்புக்கு நல்லது என்று வாங்கலாமா? – வாசகி, திருப்பூர்

பதில்: சமையலுக்குத்தான் என்றால் அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் சதவீதம் பொய் என்று சொல்லவில்லை. மேகாலயாவின் ஜைந்தியா மலைப் பகுதியில் விளையும் லக்கடாங்கில், மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளான குர்குமின் உண்மையிலேயே அதிகம். ஈரோடு மஞ்சளில் சாதாரணமாக 2.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். கோழிக்கோட்டில் இருக்கும் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரபா, பிரதீபா ரகங்களில் 6 சதவீதத்தைத் தாண்டும். ஆக, அதிக குர்குமின் ஒரே ஊருக்குச் சொந்தமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழம்புக்கு அரை ஸ்பூன் மஞ்சள்தூள், சுமார் ஒன்றரை கிராம் போடுகிறீர்கள். 3 சதவீத மஞ்சளில் அது 45 மில்லிகிராம் குர்குமின், 7 சதவீதத்தில் 105 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 11, அல்லது 26. மருத்துவ ஆய்வுகளில் ஒருவருக்குக் கொடுப்பதோ 500 மில்லிகிராமில் ஆரம்பித்துக் கிராம் கணக்கில் போகிறது. குழம்பில் இந்த வித்தியாசம் ஒன்றும் செய்துவிடாது.

இன்னொன்று, தனியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் சரியாகச் சேர்வதே இல்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 2000 சதவீதம் கூடியது. இதைக் காட்டித்தான் இன்று பைப்பரின் கலந்த மஞ்சள் மாத்திரைகள் விற்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாகப் புகார்கள் வந்து, ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை வெளியிட்டது. உடம்பில் நன்றாகச் சேரும்படி செய்த தயாரிப்புகளையும் பைப்பரின் கலந்தவற்றையும் அது குறிப்பாகச் சொல்கிறது. ஏற்கெனவே கல்லீரல் கோளாறு இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

லக்கடாங்கின் நிறமும் வாசனையும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். அது ருசிக்குக் கொடுக்கிற விலை.

கேள்வி: மஞ்சள் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு தரம் என்று என் மாமியார் சொல்வார். விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைக்கிறோம். ஈயம் கலக்கிறார்கள் என்று செய்தி படித்ததும் பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, மதுரை

பதில்: விரலியாக வாங்கி அரைப்பது நல்ல வழக்கம், விடாதீர்கள். பளபளப்பைத் தேடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கலப்படக்காரர்கள் நம்பியிருப்பதே அந்தப் பளபளப்பைத்தான்.

கலக்கிற பொருளின் பெயர் லெட் குரோமேட். பெயின்ட்டுக்குப் போகிற மஞ்சள் நிறமி, ஈயமும் குரோமியமும் சேர்ந்தது. கிழங்கை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு உருட்டிப் பாலிஷ் செய்யும்போது இதைத் தூவிவிடுகிறார்கள். மழையில் நனைந்து மங்கிப்போன சரக்கும் புதுச் சரக்குபோல மின்னும். பங்களாதேஷில் நடந்தது இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்த நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளத்தில் சரக்கு கறுத்துப்போன ஒரு காலத்தில் தொடங்கிய பழக்கம், பல பத்தாண்டுகள் நீடித்திருக்கிறது. அந்த நாட்டு அரசு, சந்தைகளில் சோதனை நடத்தி, அபராதம் போட்டு, மக்களுக்கும் எடுத்துச் சொன்னது. 2019-இல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் பூஜ்யமானது. மனது வைத்தால் இரண்டே வருடத்தில் ஒழிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நம் பக்கத்துக்கு வந்தால், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வு 2024-இல் வந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் ஒரு கிராமுக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பது 10. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், பாதித்ததைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கடையில் ஒரு விரலியை எடுத்து உடைத்துப் பாருங்கள். நல்ல மஞ்சளின் தோல் கொஞ்சம் மங்கலாக, பழுப்பு கலந்து இருக்கும். உள்ளே அடர்ந்த ஆரஞ்சு நிறம். வெளித்தோல் உள்ளே இருப்பதைவிடப் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முழு விரலியைப் போடுங்கள். போட்டவுடனே மஞ்சள் நிறம் கரைந்து இறங்கினால் சந்தேகம்தான். ஆனால் இந்தச் சோதனையில் தப்பித்துவிட்டது என்பதற்காக ஈயமே இல்லை என்று அர்த்தமில்லை. கொஞ்சமாக இருக்கும் ஈயத்தை ஆய்வகம்தான் காட்டும். கிடைத்தால் பாலிஷ் போடாத மஞ்சளையே கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கொடுக்கலாம். பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சரக்கு சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். இந்த உரிமை இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

கேள்வி: சர்க்கரை குறையும் என்று தினமும் ஒரு ஸ்பூன் பட்டைத்தூள் வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். தொடரலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: எந்தப் பட்டை என்று முதலில் பாருங்கள். மளிகைக்கடையில் பிரியாணிக்கு வாங்குகிற தடிமனான, கருஞ்சிவப்புப் பட்டை பெரும்பாலும் கேசியா. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது, அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். ஜெர்மனி அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ளவர் தினசரி எடுப்பது 2 கிராம் கேசியாவைத் தாண்டக் கூடாது. நீங்கள் போடும் ஒரு ஸ்பூன் அதைத் தாண்டிவிடும். இன்னொரு வகைப் பட்டையான இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகமிகக் குறைவு. காகிதம்போல மெல்லிய அடுக்குகள் பல சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். தூளாகிவிட்டால் கண்ணால் பிரித்துப் பார்க்க வழியில்லை, அதனால் பட்டையாகவே வாங்குங்கள்.

சர்க்கரை குறையுமா என்றால், 2003-இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வு குறைவதாகச் சொன்னது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் 10 ஆய்வுகளைச் சேர்த்து அலசிவிட்டு, போதிய ஆதாரம் இல்லை என்றது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: மிளகு நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா? – வாசகி, தேனி

பதில்: உண்டு, வியாபாரிகளே பார்க்கும் வழி. ஒரு லிட்டர் படியில் எவ்வளவு எடை நிற்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல முற்றிய மிளகு சுமார் 550 கிராம் நிற்கும். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்து நிறுத்துப் பாருங்கள், 110 கிராம் அளவுக்கு வரவேண்டும். ரொம்பக் குறைந்தால் பிஞ்சும் சொத்தையும் அதிகம் என்று அர்த்தம். பப்பாளி விதை சந்தேகம் இருந்தால் நாலைந்தை நசுக்குங்கள். மிளகு உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருக்கும், நாக்கில் வைத்தால் உடனே காரம் ஏறும். பப்பாளி விதை நீள்வட்டமாக, சுருங்கி, பச்சை கலந்த பழுப்பில் இருக்கும்.