கிராஃபிக்ஸ் கார்டும் கரண்ட் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கத்திரி வெயில் நெருங்கினால் போதும், கேம் ஆடுகிறவர்களின் கேள்விகள் எல்லாம் சூடு, சத்தம், கரண்ட் பில் என்று ஒரே பக்கம் சாய்ந்துவிடும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் சில இங்கே. ஒரே மாதிரி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, யூடியூபில் பார்த்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங்குகள் இருக்கும் என்விடியா கன்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மென்ட் மோடை 'ப்ரிஃபர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றினேன். எஃப்பிஎஸ் (கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) ஒன்றும் கூடவில்லை. கேம் ஆடாதபோதும் கார்டு சூடாகவே இருக்கிறது. என் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060.
— கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

எஃப்பிஎஸ் ஏறாது தம்பி. அந்த செட்டிங் கார்டின் உச்சவரம்பை ஒரு வாட் கூட உயர்த்துவதில்லை. 3060-இன் உச்சவரம்பு 170 வாட். எந்த மோடில் வைத்தாலும் அதே 170தான். 'மேக்ஸிமம்' செய்வது ஒன்றே ஒன்று: வேலை இல்லாத நேரத்தில் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைப்பது. கனமான கேம் ஓடும்போது கார்டு ஏற்கெனவே முழு வேகத்தில்தான் இருக்கும், அதனால் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் வெறுமனே பிரவுசரில் செய்தி படிக்கும்போதுதான் வித்தியாசம். 'நார்மல்' மோடில் கார்டின் சிப் 210 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்துப் பதினைந்து வாட்டில் கிடக்கும். 'மேக்ஸிமம்' போட்டால் அதே வேலைக்கு முப்பது, நாற்பது வாட் தின்னும். அந்தச் சூடுதான் உங்கள் கைக்குத் தெரிகிறது.

அப்படியானால் அந்த செட்டிங் எதற்கு? பழைய கேம், எமுலேட்டர் (வேறு கருவிகளின் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) மாதிரி லேசான வேலைகளுக்கு. அங்கே கார்டு 'இதற்கு எதற்கு முழு வேகம்' என்று இறங்கும், அடுத்த காட்சியில் அவசரமாக ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தில் படம் லேசாகத் திக்கும். அப்படித் திக்கும் கேமுக்கு மட்டும் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' உள்ளே 'ப்ரோகிராம் செட்டிங்ஸ்' போய், அதன் பெயரைத் தேர்ந்தெடுத்து 'மேக்ஸிமம்' வையுங்கள். 'குளோபல்' பக்கத்தில் 'நார்மல்' இருக்கட்டும். பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்றால் 'நார்மல்' இருக்காது, 'ஆப்டிமல் பவர்', 'அடாப்டிவ்' என்று இரண்டு இருக்கும். திரையில் எதுவும் மாறாதபோது புதிதாகப் படம் வரையாமல் சும்மா இருப்பது 'ஆப்டிமல்'. அதையே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வீடியோவை நம்புவதற்கு முன்னால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து 'சென்சார்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். அங்கே 'பெர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி உண்டு. கார்டு இதற்கு மேல் ஏன் ஓடவில்லை என்று அதுவே சொல்லிவிடும்: பவர் வரம்பா, சூடா, வோல்டேஜா, அல்லது வேலையே இல்லையா என்று. கேம் ஓடும்போதும் 'ஐடில்' என்றே காட்டினால் பெரும்பாலும் சிக்கல் பிராசஸரில் இருக்கும், கார்டைத் திட்டிப் பயனில்லை.

மாடி அறை, ஏசி கிடையாது. ஆர்டிஎக்ஸ் 3070. மதியம் ஆடினால் 83 டிகிரி காட்டுகிறது, ஃபேன் சத்தத்தில் கேம் சத்தமே கேட்பதில்லை. புது ஃபேன் வாங்கட்டுமா?
— கடலூர் முதுநகர் வாசகர்

காசு செலவழிக்கும் முன்னால் ஒரு ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள். கார்டின் வேகத்தையும் மின் அளவையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 'பவர் லிமிட்' நூற்றுக்கு 100-இல் இருக்கும். அதை 80-க்கு இறக்குங்கள். 220 வாட் கார்டு 176 வாட்டுக்குள் அடங்கிவிடும். பயப்படுகிற அளவுக்கு எஃப்பிஎஸ் குறையாது. பெரும்பாலான கேம்களில் நூற்றுக்கு ஐந்து போல இறங்கும், கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம்.

காரணம் எளிது. சிப்பின் கடைசி நூறு, இருநூறு மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை நிறைய ஏற்ற வேண்டியிருக்கிறது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், வேகமோ நேர்க்கோட்டில் கூட ஏறாது. ஈசிஆரில் பைக்கை 60-இல் ஓட்டினால் வரும் மைலேஜும் 90-இல் முறுக்கினால் வரும் மைலேஜும் தெரியும்தானே, அதே கதைதான். கம்பெனிக்காரர்கள் விமர்சனங்களில் முதலிடம் பிடிக்க 90-இல் விட்டுத்தான் அனுப்புகிறார்கள். நாம் அப்படியே ஓட்டியாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மேலும், சூடு ஏற ஏற இந்தக் கார்டுகள் தாமாகவே 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கும். ஆகவே மே மாத மதியத்தில் 100-இல் வைத்தாலும் உங்களுக்கு முழு வேகம் கிடைக்கப்போவதில்லை. சத்தம் மட்டும் முழுதாகக் கிடைக்கும்.

கை பழகியவர்கள் அடுத்த படியாக அண்டர்வோல்ட் செய்யலாம், அதாவது சிப்பைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டலாம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோடு வரும். அதில் 900 மில்லிவோல்ட் புள்ளியை 1800 மெகாஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தி, அதற்கு வலப்பக்கம் முழுவதையும் தட்டையாக்க வேண்டும். ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. அதனால் இரண்டு மூன்று நாள் கிராஷ் இல்லாமல் ஓடிய பிறகே விண்டோஸ் ஆரம்பிக்கும்போது தானாகப் போட்டுக்கொள்ளும்படி வையுங்கள்.

முதுநகர் என்பதால் ஒரு வார்த்தை. கடல் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கும். தூசியோடு சேர்ந்தால் ஹீட்சிங்க்கின் (கார்டின் சூட்டை வெளியேற்றும் பாகம்) தகடுகளுக்கு நடுவே பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பவர் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான்.

என் மகன் தினமும் நான்கு மணி நேரம் கேம் ஆடுகிறான். கரண்ட் பில் ஏறியதற்கு அந்த கம்ப்யூட்டர்தான் காரணமா?
— ஓர் அம்மா, மஞ்சக்குப்பம்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் அம்மா. கம்ப்யூட்டர் மொத்தமாக 300 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். சின்னத் தொகை இல்லைதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசியை அது ஒன்றே சாப்பிட்டுவிடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் கட்டண அட்டவணையே மாறிவிடும், அங்கே இந்த 72 இன்னும் வலிக்கும். ஆனால் ஏசி போட்டுக்கொண்டு ஆடுகிறானா என்று முதலில் பாருங்கள். ஏசி ஓடினால் கம்ப்யூட்டரை விட அதுதான் பெரிய செலவாளி.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு நொடிக்கு 180 படம் வரைந்தாலும் திரை காட்டுவது 60தான். மற்றதெல்லாம் வீண். முதல் பதிலில் சொன்ன என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது, அதில் 60 வைக்கச் சொல்லுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 140 போல. லேசான கேம்களில் கார்டின் மின்செலவு பாதியாகக் கூட இறங்கும். கார்டில் 80 வாட் குறைந்தால் அதே கணக்கில் இரண்டு மாதத்துக்கு 19 யூனிட் மிச்சம். 'போட்டி கேமில் எஃப்பிஎஸ் அதிகம் இருந்தால்தான் கை அசைவுக்கு கேம் வேகமாக ஈடுகொடுக்கும்' என்று அவன் வாதாடினால், அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த ஒரு கேமுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றியதும் கேம் ஊர்ந்து போகிறது. நண்பனின் 4050 லேப்டாப் வேகமாக ஓடுகிறது. செட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?
— லாஸ்பேட்டை

முடியாது. கேம் ஆடும் கார்டுக்கு வேண்டிய அளவு பேட்டரியால் கொடுக்க முடியாது, அதனால் லேப்டாப்பே இறக்கிவிடுகிறது. ஒயரைச் சொருகி, லேப்டாப் கம்பெனியின் மென்பொருளில் 'பெர்ஃபார்மன்ஸ்' மோடைப் போடுங்கள். 65 வாட் டைப்-சி சார்ஜரில் ஆடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். பெட்டியோடு வந்த தடி சார்ஜர்தான் வேண்டும். உங்கள் ஆர்டிஎக்ஸ் 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வைத்துக்கொள்ள கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு. நண்பனின் 4050 வேகமாக ஓடுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600 வைத்திருக்கிறேன். இந்த பவர் மேனேஜ்மென்ட் மோட் எங்கே இருக்கிறது?
— நெல்லிக்குப்பம்

அந்தப் பெயரில் கிடையாது. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் 'ரேடியான் சில்' இருக்கிறது, அதில் குறைந்தபட்ச, அதிகபட்ச எஃப்பிஎஸ் இரண்டையும் வைத்துவிடுங்கள். 'டியூனிங்'கில் பவர் லிமிட்டும் உண்டு, ஆனால் குறைக்கும் பக்கம் அதிக இடம் இருக்காது. உங்களுடையது 132 வாட் கார்டுதான், நிம்மதியாக இருங்கள்.

கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்குகிறது, ஆனால் கேம் ஓடும்போது போனால் மட்டும் 'டப்' என்று அணைந்துவிடுகிறது. 600 விஏ யூபிஎஸ், ஆர்டிஎக்ஸ் 4070.
— அரியாங்குப்பம்

பெட்டியில் போட்டிருக்கும் 600 என்பது வாட் அல்ல. பொதுவாக அந்த அளவு யூபிஎஸ் 360 வாட்தான் தாங்கும். கார்டு 200, பிராசஸர் நூறு, மானிட்டர் முப்பது என்று கூட்டினாலே விளிம்புக்கு வந்துவிட்டீர்கள். கார்டு சில மில்லி விநாடிகளுக்குத் தன் அளவைத் தாண்டியும் இழுக்கும், அந்த நேரத்தில் யூபிஎஸ் கையை விரித்துவிடும். 1000 விஏ வாங்கினால் தீரும். அதுவரை பவர் லிமிட் 75, எஃப்பிஎஸ் 60 என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் தாங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பின்பக்கச் சுவிட்ச் 'யூபிஎஸ்' மோடில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் எந்த செட்டிங்கையும் நம்ப வேண்டாம். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று பார்த்த ஊர்கள் நம்முடையவை. சேவ் செய்து அணைத்துவிட்டு, பவர் ஒயரோடு இன்டர்நெட் ஒயரையும் கழற்றி வையுங்கள். இடி இறங்கும்போது பல வீடுகளில் மதர்போர்டு போவது அந்த இன்டர்நெட் ஒயர் வழியாகத்தான்.