தஞ்சைப் பெரிய கோயிலை டிரோனில் எடுக்க அனுமதி

நண்பரே, 249 கிராம் டிரோன் என்பதால் அனுமதி தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பாதி உண்மைதான். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. அதை இயக்க பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் எங்கே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு எடையைப் பார்த்து விலகிப் போகாது.

முதலில் டிஜிட்டல் ஸ்கை என்ற மத்திய அரசுத் தளத்தில், டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து இடத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் 400 அடி வரை தனி அனுமதி கேட்க வேண்டாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. தஞ்சாவூரில் சுகோய் போர் விமானங்கள் நிற்கும் விமானப்படைத் தளமே இருக்கிறது, எனவே பச்சையை நம்பி வண்டி ஏறாதீர்கள்.

அப்புறம் கோயில். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். வானம் திறந்திருந்தாலும் டிரோனில் படம்பிடிக்க அவர்களிடம் தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாசலில் நிற்கும் காவலர் தலையாட்டுவது அனுமதி ஆகாது.

சதய விழா நேரத்தில் எடுக்க நினைத்தால் எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? தவிர, போலீஸ் ஒரு பகுதியை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். பறக்கவிடும் அன்று காலையிலும் வரைபடத்தைப் பாருங்கள்.